மீன்தொட்டிக்கு ஓர் ஒளிக் காவலன்

கடலோரத்திற் குடியிருப்பவர்களுக்குக் கடலைக் காண்பதில் அவ்வளவு புதுமை இருப்பதில்லை. வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் வாழ்வோர், இரயிற் பாதைக்கு அப்பால் அலை எழுந்து வீழும் ஓசையை நாள்தோறும் கேட்டுக்கொண்டே தத்தம் அலுவல்களைக் கவனிக்கின்றனர். ஆயினும் அந்தக் கடலின் ஒரு சிறு கூற்றைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து, மஞ்சளும் நீலமுமாய் நாலைந்து மீன்களை அதனுள் நீந்தவிட்டு வீட்டின் முன்னறையில் வைத்துவிட்டால் போதும். சிறுவர் மாத்திரமன்றிப் பெரியவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னே அமர்ந்துவிடுவர்.

நன்னீர் மீன் வளர்ப்பு நம்மவருக்குப் பழகிய பொழுதுபோக்கு. கடல்மீன் வளர்ப்போ மிகுந்த பொறுமையும் பொருட்செலவும் வேண்டுவது. ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். நீரின் வெப்பம் ஏறவுங்கூடாது, இறங்கவுங்கூடாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை உடனுக்குடன் மாற்றியமைக்கும் நல்ல பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறியிருத்தல் வேண்டும். இவ்வளவையும் சரிவரச் செய்து முடித்த பின்னரும், ஒருநாட் காலையில் மீனின் செட்டையில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தோன்றுகின்றன. பத்து நாளைக்குள் தொட்டி வெறுமையாகிவிடுகிறது.

இந்தத் துயரத்துக்கு மாற்றாக இன்று கடைகளில் விற்கப்படுவது ஒரு விளக்கு. நீளக் குழாயொன்றினுள்ளே நீல நிறமாக எரியும் அதனை ஊதாக்கடந்த கதிர்க் கிருமிநீக்கி என்று அழைக்கலாம். 'புற ஊதாக் கதிர்' என்று தமிழ்நாட்டார் வழங்குவதும் இதனையே. இந்த விளக்கு உண்மையில் என்ன செய்கிறது, எதனைச் செய்ய மாட்டாது என்பதை அறிந்துகொள்வது மீன் வளர்ப்போருக்கு மாத்திரமன்றி, விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கும் பயன்தரும்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

பாயையும் தலையணையையும் மாதத்துக்கு ஒருமுறை வெயிலிற் போட்டெடுக்கும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்தே உண்டு. வெயிலுக்குக் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இருப்பதை முறைப்படி ஆராய்ந்து காட்டியவர்கள் டவுன்ஸ், பிளண்ட் என்னும் இரு ஆங்கிலேயர். 1877ஆம் ஆண்டில் அவர்கள், கிருமி வளரக்கூடிய திரவத்தைப் பரிசோதனைக் குழாய்களில் இட்டு, சிலவற்றை வெயிலிலும் சிலவற்றை இருட்டிலும் வைத்தனர். இருட்டிலிருந்த திரவம் கலங்கிப் போயிற்று. வெயிலிலிருந்தது தெளிவாகவே நின்றது.

சூரியவொளியில் ஊதா நிறத்துக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டு என்பதை, அதற்கு முன்னரே 1801இல் ஜெர்மானியரான ரிட்டர் கண்டறிந்திருந்தார். இக்கதிரைக் கொண்டு தோலிற் படரும் காசநோயைக் குணப்படுத்திய டென்மார்க் வைத்தியர் பின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. 1910இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் குடிதண்ணீரைச் சுத்திகரிக்க இவ்விளக்குகளைப் பயன்படுத்திப் பார்த்தனர். அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. குளோரீன் கலப்பது மலிவாகவும் எளிதாகவும் இருந்தமையால் உலகம் அவ்வழியே சென்றது. பல ஆண்டுகள் கழித்தே, செம்மையான விளக்குகள் வந்த பின்னர், ஊதாக்கடந்த கதிர் மீண்டும் தண்ணீர்ச் சாலைகளுக்குத் திரும்பியது.

இன்று மீன்தொட்டிக்கு வரும் விளக்கினுள்ளே இருப்பது இரச ஆவி. அதனூடாக மின்சாரம் பாயும்போது பிறக்கும் கதிர்களில் மிகுதியானவை 253.7 நனோமீற்றர் அலைநீளமுடையவை. உயிர்க்கலத்தின் பரம்பரைச் செய்தியைத் தாங்கிநிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருள் இவ்வலைநீளத்தை அண்டிய கதிர்களை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதும், அதன் சங்கிலியில் அருகருகே இருக்கும் தைமின் என்னும் கண்ணிகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1960ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த விஞ்ஞானிகள் இதனை விளக்கினர். எழுத்துக்கள் ஒட்டிக்கொண்ட ஏட்டைப் படியெடுக்க இயலாததுபோல, அக்கிருமியும் தன்னைப் பெருக்கிக்கொள்ள இயலாததாகின்றது. ஆகவே இக்கதிர் கிருமியைச் சுட்டெரிக்கிறது என்று நினைப்பது பிழை. அதன் சந்ததியை அது அறுத்துவிடுகிறது என்பதே பொருத்தம். காயம் சிறிதாக இருந்தால் அதனைச் சீர்செய்துகொள்ளும் வல்லமையும் பல கிருமிகளுக்கு உண்டு.

சாதாரணக் கண்ணாடி இக்கதிரை மறித்துவிடும். அதனால் மின்குமிழைச் சுற்றி குவாட்ஸ் என்னும் படிகத்தாலான உறையை இட்டு, அவ்வுறைக்கும் வெளிக்குழாய்க்கும் இடையிலே பம்பியினால் நீரைச் செலுத்துகின்றனர். நீர் விளக்கைக் கடந்து செல்லும் அந்தச் சில விநாடிகளிலேதான் காரியம் முழுவதும் நடைபெறுகிறது.

விளக்கு எரிந்தது, மீன்கள் மாண்டன

கொட்டாஞ்சேனையில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர், தமது வீட்டில் 200 லீற்றர் கொள்ளும் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்திருந்தார். ஏழு மீன்கள். எட்டாவதாகப் புதிய மீனொன்றை வாங்கி வந்து நேரே தொட்டியில் விட்டார். நாலைந்து நாளில் வெண்புள்ளி தோன்றியது. நண்பர்கள் சொற்கேட்டு, அன்று மாலையே கிருமிநீக்கி விளக்கொன்றை வாங்கிப் பொருத்தினார். இரண்டு வாரங்களுக்குப் பின்னர் என்னைச் சந்தித்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"சேர், விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. ஆனாலும் மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போகின்றனவே! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ?" என்று கேட்டார்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை; விளக்கிலும் பழுதில்லை. நோயின் வரலாற்றை அறிந்தால் விடை தானே தெரியவரும்.

இவ்வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்குக் கிரிப்டோகேரியன் என்று பெயர். 1951இல் அதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஒரே கலத்தாலான இந்த உயிர் நான்கு பருவங்களைக் கடந்து வாழ்கிறது. முதலாவது, மீனின் தோலுக்குள்ளும் பூவுக்குள்ளும் புதைந்து உண்டு கொழுக்கும் பருவம். இது மூன்று முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். நாம் காணும் வெள்ளைப் புள்ளி இதுவே. இரண்டாவது, கொழுத்த ஒட்டுண்ணி மீனை விட்டு நீங்கி, தங்குமிடந் தேடி அடித்தளத்தில் ஊரும் சில மணிநேரம். மூன்றாவது, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தடித்த உறையை உண்டாக்கி, அதனுள்ளே நூற்றுக்கணக்காகப் பிளவுபடும் பருவம். இது மூன்று நாளிலும் முடியலாம். நாலு வாரமும் ஆகலாம். சில வேளைகளில் இரண்டு மாதத்துக்கு மேலும் உறங்கிக் கிடப்பதுண்டு. நான்காவது, உறையை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் வெளிவந்து, மீனைத் தேடி நீந்தும் பருவம். அவை மீனைப் பற்றும் வலிமை சில மணிநேரத்திலேயே குன்றிவிடும். இரண்டு நாளுக்குள் மடிந்துபோகும்.

இந்நான்கில் எப்பருவம் விளக்கின் முன்னே வரக்கூடியது? நீந்தும் கடைசிப் பருவம் ஒன்றே. மீனுக்குள் புதைந்திருப்பதும், கல்லில் ஒட்டியிருப்பதும் குழாய்க்குள் வரப்போவதில்லை. தொட்டியின் வெளியே பூட்டப்பட்ட விளக்கு அவற்றைத் தேடிச் செல்லவும் இயலாது.

இன்னுமொரு செய்தி உண்டு. உறைக்குள்ளிருந்து குஞ்சுகள் வெளிவருவது பெரும்பாலும் இருளிலே, விடியலுக்கு முன்னான சாமத்திலேயாகும். மீன்கள் அடித்தளத்தை அண்டி உறங்கும் நேரமும் அதுவே. இயற்கை எவ்வளவு நுட்பமாக வேடனை இரையின் பக்கத்திலேயே விழிக்கச் செய்திருக்கிறது! நமது மாணவரோ, மின்கட்டணத்துக்கு அஞ்சி, தொட்டியின் அழகு விளக்குகளையும் கிருமிநீக்கியையும் ஒரே ஆளியிற் கோத்து, இரவு பத்து மணிக்கு யாவற்றையும் அணைத்து வந்தார். கள்வன் வரும் நேரத்திலே காவலாளி உறங்கினான். இரவும் பகலும் இடைவிடாது எரியவேண்டிய விளக்கு இது.

ஒரு சிறு கணக்கு

உயர்தர வகுப்பு மாணவர்கள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 200 லீற்றர்த் தொட்டியொன்றில், மணிக்கு 200 லீற்றர் வீதம் நீர் விளக்கைக் கடந்து செல்வதாகக் கொள்வோம். ஒரு மணிநேரத்தில் தொட்டி நீர் முழுவதும் தூய்மையாகிவிடும் என்றுதானே தோன்றுகிறது? அவ்வாறு ஆவதில்லை. விளக்கைக் கடந்த நீர் மறுபடியும் தொட்டிக்குள் விழுந்து, கடவாத நீரோடு கலந்துவிடுகிறது. பம்பி அடுத்ததாக இழுக்கும் நீரில் இரண்டுமே இருக்கும். நீர் நன்றாகக் கலக்கும் தொட்டியில், ஒரு மணிநேரத்தின் முடிவில் நூற்றுக்கு 37 பங்கு நீர் விளக்கை ஒருமுறையேனும் காணாதிருக்கும். இரண்டு மணிநேரத்தில் அது 13 அல்லது 14 பங்காகக் குறையும். மூன்று மணிநேரத்தில் 5 பங்கு. ஐந்து மணிநேரத்திலுங்கூட ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவானது எஞ்சிநிற்கும். கதிரியக்கப் பொருள் தேய்வதைக் கணிக்கும் அதே அடுக்குக்குறி விதிதான் இங்கும் ஆட்சி செய்கிறது.

அப்படியானால் பம்பியை வேகமாக்கிவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. கிருமி பெறும் கதிரின் அளவு, விளக்கின் வலிமையையும் அதன் முன்னே கிருமி தங்கும் நேரத்தையும் பெருக்கி வருவது. வேகத்தை இரட்டித்தால் தங்கும் நேரம் பாதியாகும். கதிரின் அளவும் பாதியாகும். வேகத்தைக் குறைத்தால் கதிர் போதியதாகும். ஆனால் அதற்குள் தொட்டியில் எஞ்சிய குஞ்சுகள் மீனைப் பற்றிக்கொள்ளும்.

பற்றீரியா ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவினது. வெண்புள்ளி ஒட்டுண்ணியின் நீந்தும் குஞ்சோ அதனினும் ஏறக்குறைய ஐம்பது மடங்கு நீளமானது. உடல் பருத்தமையால் கதிர் உள்ளே செல்வது அரிது. குடிதண்ணீரிலுள்ள சாதாரணப் பற்றீரியாவை அடக்கப் போதுமான கதிர் இதற்குப் போதாது, பன்மடங்கு வேண்டும். பெட்டியின் மேல் 'இத்தனை லீற்றர்த் தொட்டிக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்தால், எக்கிருமிக்கு, எந்த நீரோட்ட வேகத்தில் என்று கேட்டறிந்து வாங்குவதே புத்தி.

மின்குமிழுக்கும் முதுமை உண்டு. ஓராண்டில் 8,760 மணிநேரம் இருக்கிறது. இவ்வகைக் குமிழ்கள் பெரும்பாலும் 8,000 முதல் 9,000 மணிநேரம் எரிந்தபின் கிருமியைக் கொல்லும் வலிமையில் தளர்ந்துவிடும். நீல ஒளி மட்டும் குறையாது தெரிந்துகொண்டேயிருக்கும். நாம் காணும் நீலம் கிருமியைக் கொல்லும் கதிர் அன்று. அது கூடவே பிறக்கும் வெறும் வெளிச்சம். ஆகவே ஆண்டுக்கொருமுறை குமிழை மாற்றவேண்டும். படிக உறையின் மேல் உப்பும் வழுவழுப்பும் படிந்தால் அதனையும் துடைக்கவேண்டும். மின்சாரத்தைத் துண்டிக்காமல் எக்காரணங்கொண்டும் உறையைத் திறக்கலாகாது. எரியும் குமிழை நேரே நோக்கினால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணிநேரத்தின் பின் கண்ணில் மணல் விழுந்ததுபோல வலியெடுக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை மறத்தல் ஆகாது.

ஊருக்கெல்லாம் ஒரே நீர்

அவ்வாறாயின் இவ்விளக்கு வீண்பொருளோ? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடுதல் நியாயமன்று. அதன் உண்மையான இடம் எது என்று அறியவேண்டும்.

அலங்காரக் கடல்மீன்களை உலகுக்கு அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தெகிவளை மிருகக்காட்சிசாலையிற் பணிபுரிந்தவரும், தேர்ந்த சுழியோடியுமான ரொட்னி ஜொங்க்ளாஸ் என்பார் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். இன்று தென்மேற்குப் பருவக்காற்று வீசி தெற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரையிலும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலும் மேற்கிலுமாகச் சுழியோடிகள் மீன் பிடிக்கின்றனர். திருகோணமலையிலிருந்து பொலித்தீன் பைகளிலே ஒட்சிசன் நிரப்பி அடைக்கப்பட்ட மீன், ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தரை வழியே பயணஞ்செய்து கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த ஏற்றுமதியாளரின் சாலைகளை அடைகிறது. அங்கே சிலநாள் தங்கியபின் விமானமேறுகிறது.

இத்தகைய சாலைகளிலே சிறு கண்ணாடித் தொட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பல தொட்டிகளை ஒரே குழாயில் இணைத்து, ஒரே நீரைச் சுழலவிடுவதே சிக்கனமான முறை. பல கடற்கரைகளிலிருந்து வந்த மீன்கள் இவ்வாறு ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும்போது, ஒரு தொட்டியில் வந்த நோய் மாலைக்குள் மறுகோடித் தொட்டியை எட்டிவிடும். இங்கேதான் ஊதாக்கடந்த கதிர் தன் முழுப் பயனையும் தருகிறது. ஒரு தொட்டியை விட்டு நீங்கும் நீர், வேறொரு தொட்டிக்குட் புகுமுன் வலிமைமிக்க விளக்கைக் கடந்தே தீரவேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் உறை அந்தந்தத் தொட்டியிலேயே கிடக்கும். அயல் தொட்டிக்குச் செல்லக்கூடிய நீந்தும் பருவம் குழாயில் மடியும். அடுத்த வீட்டுக்கு நெருப்புப் பரவாமல் தடுக்கும் சுவர்போல விளக்கு நிற்கிறது.

ஒரே நீரைப் பலர் பகிர்வதன் அபாயத்தை நம் நாடு பெருநட்டப்பட்டு அறிந்துகொண்டது. புத்தளம் மாவட்டத்தில் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து இறால் பண்ணைகள் பெருகின. பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் வாய்க்காலிலிருந்தும் களப்பிலிருந்தும் நீரை இறைத்தன. கழிவுநீரையும் அங்கேயே விட்டன. ஒரு பண்ணையின் கழிவு மற்றொரு பண்ணையின் ஊற்றாயிற்று. 1996இல் இறாலுக்கு வெண்புள்ளி வைரசு நோய் வந்தபோது, அது பண்ணைக்குப் பண்ணை தாவிப் பெரும் அழிவை விளைத்தது. பெயர் ஒன்றாயிருப்பினும் மீனுக்கு வரும் வெண்புள்ளியும் இறாலுக்கு வரும் வெண்புள்ளியும் வெவ்வேறு நோய்கள். முன்னது ஒட்டுண்ணியால் வருவது, பின்னது வைரசினால் வருவது. ஆனால் அவை புகட்டும் பாடம் ஒன்றே: புதிதாய் வருவதைப் பழையதோடு கலக்குமுன் தடுத்து நிறுத்திச் சோதிக்கவேண்டும்.

வீட்டுத் தொட்டியிலும் விளக்குக்குச் சில நற்பணிகள் உண்டு. நீர் பச்சையாக மாறும்போது, மிதக்கும் பாசியை அது விரைவில் அடக்கும். நீரில் திரியும் பற்றீரியாவின் தொகையைக் குறைத்து, காயமுற்ற மீன் தேறுவதற்கு உதவும். கல்லில் ஒட்டி வாழும் நல்ல பற்றீரியாக்களுக்கு அதனால் தீங்கில்லை. முருகைகளுக்கு உணவாகும் நுண்ணுயிர்களையும் அது வேறுபாடின்றிக் கொல்லும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். நமது வெப்ப நாட்டிலே நீரைச் சற்றுச் சூடாக்குவதும் ஒரு குறைதான்.

மின்சாரம் நின்றால் விளக்கும் நிற்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய வேளையில் மீனுக்கு முதலில் அற்றுப்போவது ஒட்சிசன். ஆதலால் கையிலுள்ள பணம் விளக்குக்கோ மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பிக்கோ ஒன்றுக்கே போதும் என்றால், பம்பியை முதலில் வாங்குவதே தகும்.

இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள்

அப்படியாயின் வெண்புள்ளிக்கு வீட்டிலுள்ளவர் செய்யத்தக்கது யாது? செப்பு கலந்த மருந்து ஒட்டுண்ணியைக் கொல்லும். ஆனால் முருகை, இறால், கடற்சாமந்தி முதலிய முதுகெலும்பற்ற உயிர்களையும் அது கொன்றுவிடும். அவை வாழும் தொட்டியில் செப்பை ஊற்றுவது நஞ்சை ஊற்றுவதற்குச் சமம். இதனாலேயே பலர் விளக்கை நாடுகின்றனர்.

விளக்கினும் மலிவான, நோயின் வாழ்க்கை வட்டத்தையே அதற்கு எதிராகத் திருப்பும் வழியொன்று உண்டு. மீனை விட்டு விழுந்த ஒட்டுண்ணி உறைகட்டி, குஞ்சு பொரித்து வெளிவர ஆகக்குறைந்தது மூன்று நாள் செல்லும் என்று கண்டோம். நோயுற்ற மீனைச் சுத்தமான பிளாஸ்டிக் தொட்டியொன்றில், அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதுநீரில் விடுங்கள். மூன்று நாள் முடியுமுன், காய்ந்து சுத்தமாயிருக்கும் இரண்டாந் தொட்டிக்கு மீனை மாற்றுங்கள். பழைய நீர் ஒரு துளியும் உடன் செல்லலாகாது. முதற்றொட்டியை நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். இவ்வாறு நான்கு தடவை மாற்றும்போது பன்னிரண்டு நாளாகும். ஒவ்வொரு முறையும் விழுந்த ஒட்டுண்ணி, மீனில்லாத இடத்தில் தனித்து விடப்படுகிறது. மீன் குஞ்சுகளை முந்திக்கொள்கிறது. வலைகளும் வாளிகளும் ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியே இருத்தல் அவசியம். தொட்டிகளில் வடிகட்டி இல்லாமையால் காற்றுப் பம்பியும் அளவான உணவும் வேண்டும்.

பெரிய தொட்டியை இரண்டரை மாதமளவு மீனின்றி விட்டுவைத்தால், கல்லிலும் மணலிலும் உறங்கும் உறைகள் பொரித்து, இரையின்றி மடியும். முருகையும் இறாலும் அக்காலத்தில் அங்கேயே இருக்கலாம். இந்நோய் அவற்றைப் பற்றுவதில்லை.

இவையெல்லாம் நோய் வந்தபின் செய்யும் வைத்தியம். வருமுன் காப்பதோ இன்னும் எளிது. புதிதாக வாங்கும் மீன் எதுவானாலும் நாலு முதல் ஆறு வாரம் வரை தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தபின்னரே மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் 'தனிமைப்படுத்தல்' என்னும் சொல் நம் வீடுதோறும் புகுந்தது. அச்சொல்லின் பொருளை அனுபவத்தால் அறிந்த நமக்கு, மீனுக்கும் அதுவே நீதி என்று விளக்கத் தேவையில்லை.

நீரை எங்கிருந்து பெறுவது என்பதிலும் கவனம் வேண்டும். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று வெள்ளவத்தைக் கால்வாய் கடலோடு கலக்கும் இடத்தருகே வாளியைத் தோய்த்தெடுத்தல் ஆகாது. மழைநாளில் நகரத்துக் கழிவெல்லாம் அவ்வழியே வருகிறது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரப் பக்கத்திலோ களனி கங்கையின் நன்னீர் கலந்து உப்பின் அளவைக் குறைத்துவிடும். கடைகளிலே விற்கும் கடலுப்புக் கலவையை, குளோரீன் நீக்கிய நீரிற் கரைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஒரு மீனின் விலை

மீன் செத்தால் வேறொன்று வாங்கலாம் என்று சொல்வோர் உளர். கடையில் கொடுக்கும் விலைதான் மீனின் விலை என்று எண்ணுவதால் வரும் பேச்சு அது. கோமாளி மீன் போன்ற சிலவற்றை இன்று தொட்டிகளிலேயே இனப்பெருக்கச் செய்கின்றனர். எஞ்சிய இனங்களில் மிகப் பெரும்பாலானவை இன்னமும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. உலகெங்கும் ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2 கோடியே 40 இலட்சம் வரையிலான கடல்மீன்கள் அலங்காரத்துக்காக விற்கப்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. நமது தொட்டியில் ஒரு மீன் மாண்டால், அதன் இடத்தை நிரப்ப மற்றொரு மீன் பாறையை விட்டு வரவேண்டும். அதற்காக ஒரு சுழியோடி, மூச்சுக்காற்றை உருளையில் சுமந்துகொண்டு மறுபடியும் ஆழத்தில் இறங்கவேண்டும். ஆழத்திலிருந்து அவசரமாக மேலெழுந்தால் உடல் முடங்கிப்போகும் அபாயம் அத்தொழிலில் உண்டு.

பாறைகளின் நிலையும் முன்போல் இல்லை. 1998இல் கடல்நீர் வெப்பமேறியபோது ஹிக்கடுவைப் பாறைகளில் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. உயிருள்ள முருகைக்கற்களைக் கடலிலிருந்து எடுப்பதை நம் நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. மீன்களிலும் சில இனங்களைப் பிடிப்பதற்கும் ஏற்றுமதி செய்வதற்கும் தடைகளும் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆகவே தொட்டியை அழகுபடுத்த எண்ணுவோர், எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதை முதலில் விசாரித்தறிதல் கடமை. கொட்டாஞ்சேனையிலிருந்து நெடுந்தூரமில்லாத மட்டக்குளி, காக்கைத்தீவில் அமைந்துள்ள 'நாரா' எனப்படும் நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம், இத்துறையில் ஆராய்ச்சி நடத்தும் அரசாங்க நிலையமாகும். ஆர்வமுள்ள மாணவர் அங்கு கேட்டறியலாம்.

நமது கொட்டாஞ்சேனை அன்பரின் தொட்டியில் ஈற்றில் தப்பியவை இரண்டு மீன்கள். அவர் விளக்கை எறிந்துவிடவில்லை. இரவும் பகலும் அது எரிகிறது; குமிழ் மாற்றவேண்டிய திகதி சுவரிலுள்ள நாட்காட்டியிற் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகே சிறு பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு புதிதாய் வந்திருக்கின்றன.

விஞ்ஞானம் நமக்குத் தரும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையை அறிந்தவன் கையில் அது நல்ல பணியாள். மீன்தொட்டி வைத்திருக்கும் மாணவர்கள், அடுத்த மீனை வாங்கச் செல்லுமுன் விளக்கின் விலையை விசாரிப்பதற்கு மேலாக, அம்மீனை ஆறு வாரம் எங்கே தனியே வைப்பது என்பதை முடிவுசெய்துகொண்டு செல்வார்களாக.